இரண்டு முறை பிறந்த 301

கோஹினூர் வைரத்தை 1852-ல் பட்டை தீட்டி, 186 காரட்டாக இருந்ததை 105 காரட் சொச்சமாகச் சுருக்கியது லண்டனில் இருந்த கேரார்டு நகைக்கடை. 1911-ல் டெல்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலையில் வைத்துக்கொண்ட மகுடமும் அவர்கள் கைவேலைதான். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வைரங்கள். அறுபதாயிரம் பவுண்டு செலவு. பணம் கட்டியது இந்தியக் கஜானா. மன்னர் அதை மூன்றரை மணி நேரம் சுமந்துவிட்டு, தலை வலித்தது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அந்தக் கடையின் பெயரைத் தாங்கிய ரிக்கார்டு பிளேயர் ஒன்று உண்டு. கேரார்டு 301. இசைத்தட்டுப் பித்தர்கள் அந்த எண்ணைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். 1954-ல் கடைக்கு வந்தது. 1965-ல் அடுத்த மாடலுக்கு இடம் விட்டு ஒதுங்கியது. அரை நூற்றாண்டு கழிந்து இப்போது மறுபிறவி எடுத்திருக்கிறது. அந்தப் பெயருக்கு இன்றைய சொந்தக்காரர்கள் நம் புணேயைச் சேர்ந்தவர்கள். நகைக்கடை தனிக் கம்பெனியாக லண்டனிலேயே நடக்கிறது. கைமாறி வந்தது தட்டு சுழற்றும் பெயர் மட்டும்தான். மகுடத்துக்குக் காசு கொடுத்த நாட்டுக்கு அதுவாவது வந்து சேர்ந்ததே என்று எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

நகைக்கடைக்கும் பாட்டுக்கும் முடிச்சுப் போட்டது யுத்தம். முதல் உலகப் போர் மூண்டபோது பிரிட்டிஷ் பீரங்கிப் படைக்குத் தொலைவுமானிகள் தேவைப்பட்டன. எதிரி எத்தனை கெஜத்தில் நிற்கிறான் என்று அளந்து சொல்லும் கருவி அது. நீளக் குழாயின் இரு முனைகளிலும் கண்ணாடி, நடுவில் நுண்ணிய திருகும் பல்சக்கரமும். திருகில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் குண்டு வேறு எங்கோ போய் விழும். தங்கத்தில் நூல் பிடித்துப் பழகிய கைகளால்தான் இது ஆகும் என்று, 1915-ல் கேரார்டு பொறியியல் கம்பெனி தொடங்கப்பட்டது. சண்டை ஓய்ந்தது. தொலைவுமானி கேட்பார் இல்லை. கடைசல் யந்திரங்களும் தேர்ந்த கைகளும் சும்மா கிடந்தன.

அப்போது இங்கிலாந்தில் கிராமபோன் பெட்டி செய்பவர்களுக்கு ஒரு தட்டுப்பாடு. உள்ளே வைக்கும் ஸ்பிரிங் மோட்டார் அதுவரை ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. யுத்தம் அந்த வழியை அடைத்திருந்தது. கேரார்டு அந்த இடத்தில் நுழைந்தது. ரயில் பட்டறைகளால் பேர் பெற்ற ஸ்விண்டன் ஊருக்குத் தொழிற்சாலை போனது. பிட்டர்களும் கடைசல்காரர்களும் தெருவுக்குத் தெரு இருந்த ஊர், ஆளுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு இருந்தது. அன்றைய 78 சுற்று இசைத்தட்டு அரக்கால் ஆனது. அரக்குப் பூச்சி இந்தியக் காட்டு மரங்களில் கசிந்து வைப்பதைச் சுரண்டி உருக்கி, அதோடு கல்மாவு கலந்து அழுத்தினால் தட்டு. உலகத்தின் அரக்கில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கப்பலேறியது. கல்மாவு இருப்பதால் தட்டு ஊசியைத் தின்னும். அதனால்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் புது இரும்பு ஊசி. அதனால்தான் நாய்ப் படம் போட்ட அந்த ஊசி டப்பாக்கள். பாட்டுப் போனபின்னும் பல வீடுகளில் அந்த டப்பா மட்டும் மிஞ்சி, பித்தானும் சில்லறையும் போட்டு வைக்கப் பயன்பட்டது.

அந்த அரக்குத் தட்டுகளில் என்ன இருந்தது என்பதுதான் நம் காரைக்கால் பக்கத்துக்கு முக்கியம். திருமருகல் காரைக்காலுக்குப் பக்கத்து ஊர். அங்கே 1898-ல் பிறந்து, திருவாவடுதுறை என்ற பெயரோடு உலகம் அறிந்த டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடி 78 சுற்றுத் தட்டில்தான் வீடு வீடாகப் போனது. கோயில் திருவீதியில் இரவு முழுக்க வாசித்தவர். அவருடைய ஆலாபனையை ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம் என்று கத்தரித்துத்தான் தட்டில் ஏற்ற முடிந்தது. அந்த மூன்று நிமிடமே போதும் என்று வாங்கியவர்கள் வாங்கினார்கள். 1956 டிசம்பரில் அவர் காலமானார். அவர் வாசிப்பில் இன்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளில் இருப்பதுதான். எந்த வேகத்தில் தட்டு சுற்றுகிறது என்பது இங்கே வெறும் கணக்கு அல்ல. நிமிடத்துக்கு 78 என்பது 74 ஆனால் சுருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். தோடி தோடியாகத்தான் இருக்கும், ராஜரத்தினத்தின் கட்டை மட்டும் மாறிப்போகும்.

இனி 301.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இசைத்தட்டு உலகம் குழம்பிப் போனது. அமெரிக்காவில் 1948-ல் கொலம்பியா கம்பெனி 33⅓ சுற்று நீண்ட தட்டை இறக்கியது. அடுத்த வருடமே போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ. 45 சுற்றுச் சின்னத் தட்டோடு வந்தது. பழைய 78-ம் வீடுகளிலும் வானொலி நிலையங்களிலும் மலைபோல் குவிந்து கிடந்தது. வீட்டுக்காரர் ஒரு வேகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வானொலி நிலையத்துக்கு மூன்றும் வேண்டும், மூன்றும் தப்பாமல் வேண்டும். காரைக்கால் கடற்கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம்போலக் கணீரென்று கேட்கும். அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொல்லி வாயை மூடுவதற்கும் முதல் வயலின் இழைப்புக்கும் இடையில் இடைவெளியே இருக்காது. அப்படி நடக்க, தட்டு சட்டென்று முழு வேகம் பிடிக்க வேண்டும். வானொலி வேலைக்கான டர்ன்டேபிள் என்று தனியாக ஒரு சாதி இருந்தது அதற்காகத்தான்.

எட்மண்ட் மார்ட்டிமர் தலைமையில் ஸ்விண்டன்காரர்கள் வடிவமைத்த 301, மூன்று வேகமும் கொண்டு, வானொலி நிலையத்துத் தரத்தில், தனி ஆளும் வாங்கக்கூடியதாக வந்தது. பி.பி.சி.யும் வாங்கியது. முதலில் வந்தவை சுத்தியலால் கொட்டியது போன்ற சாம்பல் நிறம். பின்னால் பாலாடை வெள்ளை. அடித்தட்டு அலுமினியக் கலவையில் வார்த்தது, சுழலும் தட்டும் கனத்த வார்ப்பு. வாங்கிக்கொண்டு வந்தால் மரப்பெட்டி கிடையாது, ஊசி பிடிக்கும் கையும் கிடையாது. மோட்டாரும் தட்டும் மட்டும்தான் கேரார்டு விற்றது. பெட்டியை ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும், கையை வேறு கம்பெனியிடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அது 1954-ல் கடைக்கு வந்தது என்றேன். அதே வருடம் நவம்பர் முதல் தேதிதான் காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தம் எதுவுமில்லை. வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது இது. நான்கு துருவ மோட்டார், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 1,500 தடவை சுற்றும். தட்டு சுற்ற வேண்டியதோ 33⅓. நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. மோட்டார் அச்சின் தலையில் படிப்படியாகக் குறுகும் சின்னக் கப்பி. அதற்கும் தட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் வீல். லீவரைத் தள்ளினால் ரப்பர் வீல் கப்பியிலும் விளிம்பிலும் ஒருசேர ஒட்டிக்கொண்டு சுற்றத் தொடங்கும். எந்தப் படியில் ஒட்டுகிறதோ அதற்கேற்ற வேகம். லீவரை இழுத்தால் விலகிக்கொள்ளும். ஒட்டியபடியே விட்டுவைத்தால் ரப்பரில் பள்ளம் விழும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று கேட்கும்.

ரப்பர் வீல் ஓட்டத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. மோட்டாரின் அதிர்வை அது நேராகத் தட்டுக்குக் கொண்டு போகும். தட்டிலிருந்து ஊசிக்கு, ஊசியிலிருந்து ஒலிபெருக்கிக்கு. தாழ்ந்த உறுமல் ஒன்று பாட்டுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். இதை அடக்கத்தான் 301-ல் மோட்டாரை ஆறு ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டார்கள். வேகத்தை நுணுக்கமாகத் திருத்த இன்னொரு ஏற்பாடு: மோட்டார் அச்சில் ஓர் அலுமினியத் தகடு, பக்கத்தில் ஒரு காந்தம். குமிழைத் திருகினால் காந்தம் தகட்டின் மேல் கூடுதலாகப் படியும். தொடாமலே பிரேக் பிடிக்கும். பழைய மின்சார மீட்டரில் சுற்றிக்கொண்டிருக்குமே ஒரு தகடு, அதை அடக்கி வைத்திருந்ததும் இதே வித்தைதான்.

டெல்டாவில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் குமிழின் அருமை சொல்லாமலே புரியும். அறுவடைக் காலத்திலோ, தண்ணீர் இறைக்க எல்லா மோட்டாரும் ஓடும் நேரத்திலோ வோல்டேஜ் விழும். பந்தலில் பாட்டு இழுக்கும். ஜெனரேட்டருக்கு மாற்றினால் இன்னும் மோசம். டீசல் யந்திரம் மூச்சுத் திணறும்போது பாடகரும் திணறுவார். ரேடியோ செட்டுக்காரர் ஓடிவந்து தட்டின் விளிம்பை விரலால் தடவி வேகம் கூட்டிக் கொடுப்பதும் உண்டு.

அந்த ரேடியோ செட்டுக்காரர்கள் கையில் 301 இருந்தது என்று சொல்ல மாட்டேன். அது பந்தலுக்கு வரும் யந்திரம் அல்ல. எச்.எம்.வி. பெட்டிகள், பிலிப்ஸ், பிற்பாடு ஃபியஸ்டா, வசதிக்கேற்ப ஏதோ ஒன்று. பெரிய வீடுகளின் ரேடியோகிராமுக்குள் இருந்த, ஆறேழு தட்டை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக விழவைத்துத் தானே வாசிக்கும் சேஞ்சர்கள் பலவும் கேரார்டு செய்தவை. கம்பெனி காசு பார்த்தது அதில்தான். 301 அவர்களுடைய கௌரவம். சேஞ்சர் அவர்களுடைய சோறு.

ஆனால் செட்டுக்காரர்கள் செய்த வேலையும் வானொலி நிலையத்து வேலைதான். காரைக்கால் அம்மையார் கோயிலில் ஆனி மாதம் மாங்கனித் திருவிழா, தேற்றரவு அன்னை ஆலயத்தில் கொடியேற்றம், மஸ்தான் சாஹிப் தர்காவில் கந்தூரி. மூன்றுக்கும் பெரும்பாலும் அதே செட், அதே ஆம்ப்ளிஃபயர், அதே குழாய் ஒலிபெருக்கி. மாறுவது முதல் தட்டு மட்டும். ஓரிடத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு, ஓரிடத்தில் மாதா பாட்டு, ஓரிடத்தில் பக்கத்து ஊர்க்காரர் நாகூர் ஹனீபா. விடியற்காலை நாலரைக்கு ஆரம்பித்தால் ராத்திரி வரை ஊசியும் மோட்டாரும் ஓய முடியாது. பேரிங்கில் எண்ணெய் வற்றினால் தட்டு கிரீச்சிடும். உப்புக் காற்றில் இரும்புத் திருகெல்லாம் துருவேறும், ரப்பர் வெயிலில் காய்ந்து பாறையாகும். எது பிரித்துச் சரிசெய்ய முடிந்ததோ அது பிழைத்தது, முடியாதது பரணுக்குப் போனது. 301 ஏன் எழுபது வருடம் கழித்தும் ஓடுகிறது என்பதற்கும் இதே பதில்தான். அதில் ஒட்டி மூடிய பாகம் என்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் திருகு. முதல் வகை 301-ல் பேரிங்குக்குப் பக்கத்தில் கிரீஸ் நிரப்பிய ஒரு சின்ன மூடி இருக்கும்; அவ்வப்போது அதை ஒரு திருகு திருகினால் கிரீஸ் அச்சுக்குள் இறங்கும். பின்னால் வந்த வகைக்கு எண்ணெய். கிரீஸ் நல்லதா, எண்ணெய் நல்லதா என்று இன்றுவரை பித்தர்கள் இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறார்கள்.

1960-ல் பிளெஸ்ஸி என்ற பெரிய மின்னணுக் கம்பெனி கேரார்டை வாங்கிவிட்டது. 1965-ல் 301-க்குப் பதில் 401 வந்தது; உறுதியான யந்திரம், முகம் மட்டும் நாகரிகமாக மாறியிருந்தது. மலிவு விலை எஸ்பி 25 மாடல் லட்சக்கணக்கில் போனது. 1971-ல் ஊசி எப்போதும் பள்ளத்துக்கு நேராக நிற்கும்படி கையையே மடக்கி நிமிர்த்தும் ஜீரோ 100 என்ற விந்தையைச் செய்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் காலம் வேறு பக்கம் போய்விட்டது. மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ரப்பர் பெல்ட் போட்டு உறுமலை அறுக்கலாம் என்று ஒரு சாரார். ஸ்காட்லாந்தின் லின் அந்த வழியின் பெரிய பெயர். நடுவே எதுவுமே வேண்டாம், மோட்டார் அச்சிலேயே தட்டை வை என்று ஜப்பானின் டெக்னிக்ஸ். ரப்பர் வீல் பாமர வேலை என்று ஒதுக்கப்பட்டது. 1979-ல் பிளெஸ்ஸி கேரார்டைப் பிரேசில் நாட்டு கிராடியன்டே கம்பெனிக்கு விற்றது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்விண்டனில் உற்பத்தி அடங்கியது. அதே எண்பதுகளில் நம் கடைத்தெருக்களில் கேசட் பதிந்து கொடுக்கும் கடைகள் முளைத்தன. ரிக்கார்டுப் பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின.

தூக்கிப் போட்டதைப் பொறுக்கி எடுத்தவர்கள் ஜப்பான்காரர்கள். நேர் மோட்டார் டர்ன்டேபிளை உலகத்துக்கே விற்ற நாட்டில் ஒரு கூட்டம் உட்கார்ந்து பழைய 301-ஐ வாங்கிச் சேர்த்தது. கனமான மரப்பலகைகளை அடுக்கி ஒட்டி, ஆள் தூக்க முடியாத பெட்டி செய்து அதில் பதித்தார்கள். பெட்டியின் கனம் உறுமலை விழுங்கியது. உறுமல் போனதும் அடியில் இருந்தது தெரிந்தது: தட்டைக் கெட்டியாகப் பிடித்து ஓட்டும் மோட்டார். ஊசி ஆழமான பள்ளத்தில் உழும்போது தட்டு ஒரு துளி தயங்கும். பெல்ட் அதற்கு இடம் கொடுக்கும், ரப்பர் வீல் கொடுக்காது என்பது அவர்கள் வாதம். தவில் அடியும் மிருதங்கத் தொப்பியும் இதில் விழுகிற விதமே வேறு என்று சொல்பவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. அளவுமானியில் இது எவ்வளவு தெரியும் என்று கேட்டால் சண்டை வரும். எனக்கு அந்த வாதத்தில் பாதி நம்பிக்கை.

இங்கிலாந்திலேயே லோரிகிராஃப்ட் என்ற சின்னப் பட்டறை கேரார்டின் பெயரைப் பயன்படுத்த உரிமை வாங்கி, பழைய 301, 401 எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது. 501 என்று சொந்தமாக ஒன்றும் செய்து பார்த்தார்கள். விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டது அந்தப் பட்டறைதான்.

இங்கேதான் புணே வருகிறது. கேடன்ஸ் ஆடியோ அங்கே நிலைமின் தகடு ஒலிபெருக்கிகளும் வால்வு ஆம்ப்ளிஃபயர்களும் செய்த கம்பெனி. இந்தியாவில் அந்தத் தரத்தில் யோசித்தவர்களே குறைவு. அதன் பின்னால் இருப்பவர் அஜய் ஷிர்கே. கட்டுமானத் தொழில் குடும்பம். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாக ஞாபகம் இருக்கும்: இந்தியக் கிரிக்கெட் வாரியச் செயலாளராக இருந்து, 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவால் பதவி இழந்தவர். அதற்குச் சற்று முன்னால், 2016 கடைசியில், அவருடைய குழுமம் எஸ்எம்இ என்ற ஆங்கிலேயக் கம்பெனியை வாங்கியிருந்தது.

எஸ்எம்இ சாதாரணக் கம்பெனி அல்ல. 1946-ல் அலஸ்டர் ராபர்ட்சன்-ஐக்மன் என்பவர் ஆரம்பித்தது. முதலில் செய்தது அளவு குறைத்த மாதிரிப் பொம்மைப் பாகங்கள். தன் வீட்டு டர்ன்டேபிளுக்கு மனசுக்குப் பிடித்த கை கிடைக்காமல் தானே ஒன்று செய்துகொண்டார். 1959-ல் அது விற்பனைக்கு வந்தது. கை இல்லாமல் விற்ற 301-க்கு உலகமே தேடிப் பொருத்தியது எஸ்எம்இ-யின் நீளக் கையைத்தான். அவர் 2006-ல் காலமானார். கம்பெனி தெற்கு இங்கிலாந்தின் ஸ்டெய்னிங் ஊரில் துல்லியக் கடைசலுக்குப் பேர் பெற்றதாகவே இருந்தது. அதை வாங்கியவர்கள் 2018-ல் பிரேசில்காரர்களிடமிருந்து கேரார்டு பெயரையும், கூடவே லோரிகிராஃப்ட் பட்டறையையும் வாங்கினார்கள். வாடிக்கையாளர்கள் அறுபது வருடமாகத் தங்கள் வீட்டு மேசையில் சேர்த்து வைத்திருந்த மோட்டாரும் கையும் அப்போதுதான் ஒரே முதலாளிக்குக் கீழ் வந்தன. 2019 கடைசியில் எஸ்எம்இ இன்னொரு காரியமும் செய்தது: கையைத் தனியாக விற்பதை நிறுத்திவிட்டது. கை வேண்டுமானால் அவர்கள் டர்ன்டேபிளையும் வாங்க வேண்டும் என்றானது. பலருக்குக் கோபம். வியாபாரக் கணக்குப்படி தப்பு சொல்ல முடியாது.

புது 301-ஐ வெள்ளைத்தாளில் முதலிலிருந்து வரைந்து ஆரம்பிக்கவில்லை. பழைய 301-களைத் தேடி வாங்கி, கடைசித் திருகு வரை பிரித்து, தேய்ந்ததையெல்லாம் இன்றைய கடைசல் யந்திரத்தில் இன்னும் நெருக்கமான அளவில் செய்து மாற்றி, பெட்டியும் பன்னிரண்டு அங்குலக் கையும் பொருத்தி விற்றார்கள். முகம் மாறவில்லை. குமிழ், லீவர், எழுத்து எல்லாம் 1954-ல் இருந்த இடத்திலேயே. மாறியது கண்ணுக்குத் தெரியாத பேரிங்கும் அச்சும்தான். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள இடைவெளி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு உறுமல் அடங்கும். தொலைவுமானி செய்தவர்கள் கவலைப்பட்ட அதே மயிரிழை ஆட்டம்தான்.

பழைய பேர்களைத் தட்டி எழுப்பும் வேலை இந்தச் சில வருடங்களில் நிறையவே நடந்திருக்கிறது. டெக்னிக்ஸ் எஸ்எல் 1200-ஐ 2010-ல் மூட்டை கட்டி, 2016-ல் அதே முகத்தோடு, உள்ளே முற்றிலும் புது மோட்டாரோடு கொண்டுவந்தது. சுவிஸ் பேரான தோரன்ஸ், 301-க்கு நேர்ப் போட்டியாக 1957-ல் இறக்கிய டிடி 124-ஐ 2021-ல் மறுபடி செய்தது. பழையதில் பெல்ட்டும் ரப்பர் வீலும் சேர்ந்து ஓட்டின. புதியதில் இரண்டும் இல்லை, நேர் மோட்டார். முகம் அதே, குடல் வேறு. கல்கத்தா டம்டம்மில் தட்டு அச்சடித்த நம் பழைய கிராமபோன் கம்பெனி, சரிகம என்ற இன்றைய பேரில், 2017-ல் கார்வான் கொண்டுவந்தது. பழைய டிரான்சிஸ்டர் முகம், உள்ளே ஆயிரக்கணக்கில் பாட்டு அடைத்த சில்லு. வீட்டுக்கு வீடு தாத்தா பாட்டிகளுக்கு அது பரிசாகப் போனது, தமிழிலும் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டு கேட்கத்தானே வாங்குகிறார்கள். நான் வாங்காதே என்று சொல்வது, இணையக் கடைகளில் சூட்கேஸ் வடிவத்தில் வரும் மலிவு ரிக்கார்டு பிளேயர்களைத்தான். தோற்றத்துக்கு ஐம்பதுகளின் வேஷம். உள்ளே பிளாஸ்டிக் தட்டும் கனமாக அழுத்தும் ஊசியும். அப்பா வைத்துவிட்டுப் போன நல்ல தட்டை அதில் போடக் கூடாது.

இவர்களில் கேரார்டின் வழிதான் எனக்குச் சம்மதம். வாங்குபவனை நம்ப வைக்க ஒரு முகமூடி தேவைப்படவில்லை. பழைய யந்திரத்தின் வேலையே விற்கத் தகுந்ததாக இருந்தது. ஆனால் விலை! பல லட்சம் ரூபாய். காரைக்காலில் அந்தப் பணத்துக்கு மனை வாங்கலாமா, கல்யாணம் செய்யலாமா என்றுதான் பேச்சு போகும். பி.பி.சி.யும் வாங்கி, பள்ளி வாத்தியாரும் காசு சேர்த்து வாங்கிய யந்திரம் அது. மறுபிறவியில் கோடீஸ்வரர் வீட்டுக் கூடத்தைத் தவிர வேறிடம் தெரியாததாகிவிட்டது. ஒலிபெருக்கி செய்து பழகிய புணேக் கம்பெனி, அதே ரப்பர் வீல் வித்தையில் நடுத்தர வீட்டுக்கு ஒரு மோட்டார் செய்யலாம். எஸ்பி 25 செய்து பிழைத்த பேர்தானே கேரார்டு.

நம் பக்கத்து ஆட்களுக்கு 301-ல் வேறெதையும்விடப் பெரிய வசதி அந்த மூன்றாவது வேகம். இன்று கடையில் கிடைக்கும் டர்ன்டேபிள்களில் பல 33-லும் 45-லும் நின்றுவிடுகின்றன. ராஜரத்தினத்தையும் கே.பி. சுந்தராம்பாளையும் அரக்குத் தட்டிலேயே கேட்க நினைப்பவருக்கு அவை உதவாது. வேகம் மட்டும் போதாது, ஊசியும் மாற வேண்டும். 78 தட்டின் பள்ளம் நீண்ட தட்டின் பள்ளத்தைவிட மூன்று மடங்கு அகலம். நீண்ட தட்டு ஊசியை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் உள்ள குப்பையில் உருண்டு வரும், நாகஸ்வரம் கேட்காது, மணல் இரைச்சல்தான் கேட்கும். 78-க்கென்று தடித்த முனை ஊசி தனியாக விற்கிறது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவும் கூடாது, அரக்கு கரையும். ஐப்பசி அடைமழையில் பூஞ்சை பிடித்திருந்தால் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெல்லிய துணி, நிழலில் உலர்த்தல், அவ்வளவே.

சாமான் கடையிலோ, வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பத்திலோ பழைய 301 ஒன்று கண்ணில் பட்டால் அவசரப்பட்டுப் பிளக்கில் சொருக வேண்டாம். அடியில் ஒயர் இணைக்கும் கட்டையைத் திறந்து பார்க்க வேண்டும். அதில் உள்ள இணைப்புத் தகடுகளை மாற்றி 110 வோல்ட்டுக்கோ 230 வோல்ட்டுக்கோ வைத்துக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். 110-ல் இருப்பதை நம் மின்சாரத்தில் சொருகினால் மோட்டார் புகைந்துவிடும். அடுத்தது கப்பி. அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 60 ஹெர்ட்ஸ் கப்பி இருக்கும், நம் 50-ல் எல்லாப் பாட்டும் சோம்பலாக இழுக்கும். மாற்றுக் கப்பி கிடைக்கும், நல்ல லேத்துக்காரர் கடைந்தும் கொடுப்பார். ரப்பர் வீலை நகத்தால் அழுத்திப் பார்த்து, கல்லாகிவிட்டிருந்தால் புதுசு வாங்க வேண்டும். அதன் பிறகு பேரிங்குக்கு எண்ணெயோ கிரீஸோ, எந்த வகைக்கு எதுவோ அது.